ஆறு சக்கர வீட்டுக்கு எந்தத் துணை?

அன்புள்ள தம்பிக்கு,

டல்லாசுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் 28 அடி நீளமுள்ள பழைய ‘கிளாஸ் சி’ மோட்டார் ஹோம் (வேனின் அடிச்சட்டத்தின் மீது கட்டிய வீட்டு வண்டி) ஒன்றை விலை பேசியிருக்கிறீர்கள். வழியில் நின்றுவிட்டால் உதவிக்கு வரும் திட்டங்களில் எதை எடுப்பது, காருக்கு எடுத்த சந்தாவே போதுமா, கூரையில் சோலார் போடலாமா, குளிர்காலத்தில் வண்டியை எங்கே நிறுத்துவது என்று நான்கையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். சோலாரைப் பற்றியும் நிறுத்துமிடத்தைப் பற்றியும் சொல்ல அங்கே வீட்டுக்கு நான்கு பேர் இருப்பார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும், ஒரு கல்யாணத்துக்காகப் பள்ளத்தூர் வந்திருக்கிற நான், முகப்பில் உட்கார்ந்து நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

காருக்கு எடுத்த சந்தா போதாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். எங்கள் முதல் வீட்டு வண்டி வாங்கிய வருடம், ஹூஸ்டனிலிருந்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில், ஓசோனாவைத் தாண்டி, ஐ-10 நெடுஞ்சாலையில் கியர் பெட்டி உயிரை விட்டது. திருமயத்துக்கும் காரைக்குடிக்கும் நடுவில் வண்டி நின்றால் பஞ்சர் கடைக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை பத்துப் பேர் ஓடி வருவார்கள். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை முட்புதரும் வெயிலும்தான். கார் சந்தாக்காரர்களை அழைத்தேன். பின்னால் இரட்டைச் சக்கரம் என்று சொன்னவுடன், அது எங்கள் திட்டத்தில் சேராது என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். பிறகு, வண்டி இன்சூரன்ஸோடு மலிவாகக் கிடைக்கிறதே என்று சேர்த்து வாங்கியிருந்த உதவித் திட்டத்தை அழைத்தேன். மூன்று மணி நேரம் கழித்து, கார்களை ஏற்றும் தட்டையான டோ வண்டி ஒன்று வந்தது; அதை ஓட்டி வந்த பையன் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பிப் போனான்.

ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, எடையை. அந்த வகை வண்டிகள் பெரும்பாலும் ஃபோர்டு இ-450 அடிச்சட்டத்தின் மீது கட்டப்படுபவை. வண்டியின் எடையும் சேர்த்து அதன் முழுச் சுமை வரம்பு 14,500 பவுண்டு, நம் கணக்கில் ஆறரை டன். இதை இழுக்கக் கனரக டோ வண்டி வேண்டும். பின்சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்தால், புறப்படுவதற்கு முன், கியர் பெட்டியையும் பின்சக்கரங்களையும் இணைக்கும் தண்டான டிரைவ் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். அன்று இரவு இரண்டாவதாக வந்தவர் டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து அதைக் கழற்றினார். அவர் ஸ்பானிஷ் பேசுபவர். ‘குரூவா’ என்றால் டோ வண்டி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இன்று அவர்கள் மொழியிலேயே பேரம் பேசுமளவுக்கு எனக்குப் பழகிவிட்டது. இருபது வருடமாக அந்த நாட்டில் இருந்துகொண்டு, தமிழ்ச் சங்க வாசலைத் தாண்டி யாரோடும் பேசாதவர்களை எனக்குத் தெரியும். திட்டம் எடுக்கத் தேவையில்லை தம்பி, வண்டி புதுசு போல இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்பவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.

இரண்டாவது, எவ்வளவு தூரம் இழுப்பார்கள் என்பது. சில திட்டங்களில் இத்தனை மைல் என்று இருக்கும், சிலவற்றில் இத்தனை டாலர் வரை என்று இருக்கும். டாலர் வரம்பு உள்ளதைத் தொடாதீர்கள். கனரக வண்டி கொக்கியைப் போடுவதற்குள்ளேயே பாதி தீர்ந்துவிடும். குட் சாம், கோச்-நெட் போல வீட்டு வண்டிகளுக்கென்றே நடக்கும் திட்டங்களில், பழுது பார்க்கத் தகுதியுள்ள மிக அருகிலுள்ள பட்டறை வரை இழுப்பார்கள், மைல் கணக்கு இல்லை. ஆனால் எந்தத் திட்டத்திலும் தகுதியை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள். எங்களை இழுத்துக்கொண்டு போய் விட்ட பட்டறையின் கதவு 10 அடி உயரம். எங்கள் வண்டியோ கூரை ஏ.சி.யோடு 11 அடிக்கு மேல். ஒரு பழுதுக்கு ஒரு இழுவைதான் என்று திட்டக்காரர்கள் கையை விரித்துவிட்டதால், அடுத்த ஊர்ப் பட்டறைக்கு எங்கள் சொந்தச் செலவில் போனோம்.

மூன்றாவதாக, வாசகங்கள். ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போன எங்கள் ஐயாவின் சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், இந்த வீட்டு இரும்புப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. மூன்று வருடத் தவணைக்கு என்ன சம்பளம், முன்பணம் எவ்வளவு என்று ஒரே தாளில் எல்லாம் அடங்கிவிட்டது. உங்களுக்கு வரும் ஒப்பந்தம் நாற்பது பக்கம் இருக்கும், பின்பாதியிலிருந்து படியுங்கள். சேர்ந்த சில நாட்களுக்கு உதவி கிடையாது என்று இருக்கிறதா? அவர்களுக்குச் சொல்லாமல் நீங்களே டோ வண்டியை வரவழைத்தால் பணம் திரும்பி வருமா? வழியில் தங்கும் செலவு தருவோம் என்பது விபத்துக்கு மட்டுமா, எஞ்சின் பழுதுக்கும் உண்டா? பல இடங்களில் விபத்துக்கு மட்டும்தான். மண் சாலையில் புதைந்தால் வின்ச் போட்டு இழுப்பார்களா? பின்னால் கட்டி இழுத்துப் போகும் சிறிய காருக்கும் செல்லுமா?

டயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்து மாட்டிக் கொடுப்பார்களே தவிர, டயருக்குக் காசு நீங்கள்தான் தர வேண்டும். பல வீட்டு வண்டிகளில் ஸ்டெப்னியே இருக்காது. வாங்குவதற்கு முன் ஆறு டயர்களிலும் ‘டாட்’ (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வீட்டு வண்டி ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம். பட்டை தேய்வதற்கு முன்பே ரப்பர் மூப்படைந்துவிடும். டயரின் வெளிப்பக்கச் சுவரில் தேதி தெரியாவிட்டால் வண்டிக்கு அடியில் குனிந்து உட்பக்கச் சுவரைப் பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

எஞ்சின் கிளம்பவில்லை என்றால் உடனே போன் செய்யாதீர்கள். எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, உள்ளே விளக்குக்கும் மின்விசிறிக்கும் வேறு பேட்டரி. பல வண்டிகளில் இரண்டையும் ஒரு நிமிடம் சேர்த்துவிடும் பொத்தான் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். அதை அழுத்தினாலே பாதி நேரம் வேலை முடிந்துவிடும். தமிழ்க் கூட்டங்களில் இதை நான் சொல்ல ஆரம்பித்தால், எல்லோரும் திரும்பி எங்கள் வீட்டுச் செட்டியாரிடம் சந்தேகம் கேட்பார்கள். பாவம், அவருக்கு ஜாக்கி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

செட்டி கப்பலுக்குச் செந்தூரான் துணை என்பார்கள். ஆயினும் சந்தாவைக் கட்டிவிட்டுத்தான் நான் செந்தூரானைக் கும்பிடுகிறேன். வண்டியின் நீளம், உயரம், எடை மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிச் சன் வைசரில் செருகி வைத்திருக்கிறேன். போனில் முதலில் அதையும், பிறகு சாலையோர மைல் கல்லின் எண்ணையும், எந்தத் திசையில் போகிறேன் என்பதையும் சொல்வேன்.

நீங்கள் விலை பேசியிருக்கும் வண்டியின் ஓட்டுநர் கதவோரத்தில் எடை வரம்பு அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். டயர்த் தேதிகளையும் சேர்த்து அனுப்பினால், அடுத்த வாரம் ஹூஸ்டன் திரும்பியதும் எந்தத் திட்டம் என்று சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.