பத்து நாள் வாயே திறக்காம இருக்கணுமா? வாசகர் கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல யோகா ரிட்ரீட், தியான முகாம் பத்திதான், அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டேன். யோகா கத்துக்குடுக்கறது என் தொழில். முகாம்ல உக்காந்தும் இருக்கேன், முகாம் நடத்தறவங்களுக்கு ஒத்தாசையா வேலையும் பாத்திருக்கேன். ஆனா டாக்டர் இல்ல, அத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

மேடம், ஆபீஸ்ல சேர்ந்தாப்ல லீவு கிடைச்சிருக்கு. யோகா ரிட்ரீட், மௌன முகாம், விபாசனா, வெல்னஸ் ரிட்ரீட்னு ஆளுக்கொரு பேர்ல விளம்பரம் வருது. எல்லாம் ஒண்ணுதானா? எதுக்குப் போறது?
– பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர்

ஒண்ணு இல்லவே இல்ல. பேரப் பாக்காதீங்க, போட்டோவ சுத்தமா பாக்காதீங்க, "டைம்டேபிள் அனுப்புங்க"னு மட்டும் கேளுங்க. அது ஒரு பக்கம்தான் இருக்கும், ஆனா அதுலயே எல்லாம் தெரிஞ்சுடும்.

எஸ்.என். கோயங்காங்கற தியான ஆசிரியர் சொல்லிக்குடுத்த முறைல நடக்கற விபாசனா பத்து நாள் கோர்ஸ எடுத்துக்கோங்க. காலைல 4 மணிக்கு மணி அடிப்பாங்க, 4.30க்கு உக்காரணும், நடுவுல சாப்பாடு, ஓய்வு போக ராத்திரி 9 மணி வரைக்கும் உக்காந்துக்கிட்டேதான் இருப்பீங்க, கூட்டிப் பாத்தா ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல வரும். முதல் மூணு நாள் மூக்குல மூச்சு வந்து போறத கவனிக்கறது மட்டும்தான், நாலாவது நாள்தான் உடம்பு முழுக்க உணர்ச்சிகள கவனிக்கற பயிற்சி தொடங்கும். பேசக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, செல்போன முகாம் ஆபீஸ்ல ஒப்படைச்சிடணும். பத்தாவது நாள் மௌனம் முடியும், பதினொண்ணாவது நாள் காலைல வீட்டுக்கு. இதுக்கு கட்டணமே கிடையாது, முடிச்சதுக்கு அப்புறம் மனசு இருந்தா நன்கொடை குடுக்கலாம், முடிக்காதவங்ககிட்ட வாங்க மாட்டாங்க.

சிவானந்தா ஆசிரமங்கள் மாதிரி இடம்னா வேற கதை. காலைலயும் சாயங்காலமும் ஆசன வகுப்பு, விடியக்காலமும் ராத்திரியும் தியானம், பஜனை, மத்தியானம் ஒரு சொற்பொழிவு, நடுவுல கொஞ்ச நேரம் பெருக்கறது பாத்திரம் தேய்க்கறதுனு கர்ம யோகம். பேசலாம், சிரிக்கலாம், ஆனா நேரத்துக்கு வந்தாகணும்.

மூணாவது ரகம், காலைல ஒரு யோகா வகுப்பு, மத்த நேரம் மசாஜ், நீச்சல் குளம். இது சுற்றுலா. தப்புனு சொல்லல, உடம்பு அசந்து போயிருந்தா உங்களுக்கு வேண்டியது ஒருவேள அதுவாத்தான் இருக்கும். ஆனா அத முடிச்சிட்டு வந்து "தியானமெல்லாம் எனக்கு ஒண்ணும் பண்ணல"னு சொல்லாதீங்க.

உங்களுக்கு என் யோசனை: இதுவரைக்கும் தொடர்ந்து அரை மணி நேரம் கூட உக்காந்தது இல்லனா எடுத்த எடுப்புல பத்து நாள் வேண்டாம், ரெண்டு மூணு நாள் முகாமா பாருங்க. விபாசனால அந்த வசதி இல்ல, புதுசா வர்றவங்களுக்கு பத்து நாள்தான், அதனால அதுதான் வேணும்னா வீட்டுலயே தினமும் கொஞ்ச நேரம் உக்காந்து பழகிட்டுப் போங்க.

நான் தினமும் சூரிய நமஸ்காரம் செய்யறவன். விபாசனா முகாம்ல ரூம்ல தனியா செஞ்சுக்கலாமா?
– கல்லூரி மாணவர்

கூடாது தம்பி. அங்க இருக்கற வரைக்கும் ஆசனம், பிராணாயாமம், மந்திர ஜபம், பூஜை எல்லாத்தையும் நிறுத்தி வைக்கச் சொல்லுவாங்க, ஒரு முறைய கலப்படம் இல்லாம முயற்சி பண்ணிப் பாருங்கங்கறதுதான் காரணம். ஓய்வு நேரத்துல நடக்கலாம். ஆசனம் இல்லாம முடியாதுனா அது உங்களுக்கான முகாம் இல்ல, அவ்ளோதான்.

வயசு 52. சம்மணம் போட்டா கால் மணி நேரத்துல முழங்கால் வலி உயிர் போகுது. "வலியக் கவனி, அசையாதே"ங்கறாங்களாமே. நானெல்லாம் முகாமுக்கு லாயக்கில்லையா?
– இல்லத்தரசி

இந்தக் கேள்விய கேக்காமயே முகாமுக்குப் போய் காலக் கெடுத்துக்கிட்டவங்க நிறைய பேர், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

வலி எல்லாம் ஒரே வலி இல்ல. முதுகு நடுவுல, தோள்பட்டைல, தொடைல மந்தமா வர்ற வலி, இடம் மாறிட்டே இருக்கும், மணி அடிச்சு எழுந்ததும் போயிடும். இத உக்காந்து பாக்கலாம், "அசையாம கவனி"னு சொல்றது இதத்தான். முழங்காலுக்கு உள்பக்கம் சுருக்குனு ஊசி குத்தற மாதிரி வர்றது, எழுந்து நடந்தும் போகாம இருக்கறது, மாடிப்படி இறங்கறப்ப பிடிச்சு இழுக்கறது, இதெல்லாம் வேற ஜாதி. முழங்கால்ங்கறது கதவுக் கீல் மாதிரி, மடங்கும் நீளும், பக்கவாட்டுல பெருசா திரும்பாது. சம்மணத்துலயோ பத்மாசனத்துலயோ திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. அது இறுகிக் கிடந்தா அந்த முறுக்கு முழுக்க கீழ முழங்கால்ல போய் உக்காரும். அங்க பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்தா வர்றது ஞானம் இல்ல, ஜவ்வுக் கிழிசல்.

அதனால இடுப்ப உசத்துங்க. தலகாணி ஒண்ணு பத்தலனா ரெண்டு போடுங்க, முழங்கால் இடுப்ப விடக் கீழ இருக்கணும், காத்துல தொங்கிட்டு இருந்தா அதுக்கு அடியிலயும் துணிய மடிச்சு வைங்க. தொடைக்கு நடுவுல உருட்டுத் தலகாணி வெச்சு மண்டி போட்டும் உக்காரலாம். எதுவும் ஒத்து வரலனா நாற்காலி. முகாம்ல எல்லாம் பின் வரிசைல நாற்காலி போட்டிருப்பாங்க, கேட்டா குடுப்பாங்க, அதுல உக்காந்தவங்களுக்கு தியானம் கம்மியா கிடைக்கறதில்ல.

நாலாவது நாள்லேர்ந்து விபாசனால ஒரு மணி நேரம் கை கால் கண் மூணையும் அசைக்காம உக்காரச் சொல்லுவாங்க, அதிட்டானம்னு பேர். அந்த ஹால்ல முக்கா மணி நேரம் தாண்டினதும் கேக்கணுமே, அங்க ஒரு இருமல், இங்க துணி சரசரப்பு, யாரோ மூச்ச இழுத்து விடற சத்தம், எல்லாருக்கும் ஒரே கஷ்டம்தான்னு அப்பதான் புரியும். அது உறுதிக்கான பயிற்சி, சித்திரவதை இல்ல, தாங்கலனா மெதுவா கால மாத்திக்கோங்க, யாரும் அடிக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, கால் மரத்துப்போனா மணி அடிச்ச உடனே எழுந்துடாதீங்க. நரம்பு அமுங்கிதான் மரத்துப்போகுது, கால நீட்டினா கொஞ்ச நேரத்துல சரியாயிடும், அதுக்குள்ள எழுந்து நின்னா பாதம் எங்க இருக்குனே தெரியாம கணுக்கால் மடங்கி விழுவீங்க. நீட்டியும் பாதத்த மேல தூக்க முடியலனா, இல்ல மரமரப்பு மணிக்கணக்கா இருந்தா, அன்னிக்கே ஆசிரியர்கிட்ட சொல்லிட்டு டாக்டரப் பாருங்க.

போன முறை போனப்ப முதல் ரெண்டு நாள் தலைவலி விண் விண்ணு தெறிச்சுது. "உள்ள இருக்கற கர்மா வெளிய வருது"னு பக்கத்துல இருந்தவர் அப்புறமா சொன்னார். உண்மையா?
– தனியார் நிறுவன ஊழியர்

நீங்க ஒரு நாளைக்கு எத்தன காபி குடிப்பீங்கனு எழுதலயே! பழகின காபிய திடீர்னு நிறுத்தினா 12 மணி நேரத்துலேர்ந்து ஒரு நாளுக்குள்ள தலைவலி ஆரம்பிக்கும், முதல் ரெண்டு நாள் உச்சத்துல இருக்கும், ஒரு வாரம் வரைக்கும் கூட லேசா இழுக்கும், எரிச்சல், தூக்கக் கலக்கம் எல்லாம் கூடவே வரும். போறதுக்கு ஒரு வாரம் முன்னாலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க, தண்ணி நல்லா குடிங்க, கர்மா பாதி தீர்ந்துடும்.

எனக்கு வருஷக்கணக்கா மைக்ரேன். தியான முகாம் போனா குணமாகும்னு சொல்றாங்க...
– ஆசிரியை

கோயங்கா அவர்களே மைக்ரேன் தாங்காமதான் 1955ல பர்மாவுல சயாஜி ஊ பா கின்ங்கற தியான ஆசிரியர்கிட்ட போனார். அதுக்கு அவர் குருநாதர் என்ன சொன்னார்னு கோயங்காவே பல தடவை சொல்லியிருக்கார், தலைவலிய போக்கிக்கறதுக்காகனா இங்க வராதீங்க, மனசு சுத்தமாகணும்னா வாங்கன்னுட்டார். நானும் அதேதான் சொல்லுவேன். வலி குறைஞ்சா லாபம், ஆனா அத எதிர்பாத்து உக்காந்தா நாள் பூரா "இப்ப வலிக்குதா, இப்ப வலிக்குதா"னுதான் பாத்துட்டு இருப்பீங்க. மாத்திரைய எடுத்துட்டுப் போங்க, முகாம்ல சேர்ற ஃபார்ம்ல எழுதிடுங்க.

பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடறேன். ஃபார்ம்ல எழுதினா சேத்துக்க மாட்டாங்களாம், அதனால எழுதாம, மாத்திரையையும் நிறுத்திட்டுப் போகலாம்னு ஃப்ரெண்ட் சொல்றா. போகலாமா அக்கா?
– பேர் வேண்டாம்

கூடாதும்மா. இது ஒண்ணுல மட்டும் நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். மாத்திரைய நீங்களா நிறுத்தறதே ஆபத்து, அதுவும் போன் இல்லாம பேச்சு இல்லாம தெரிஞ்ச முகம் ஒண்ணு கூட இல்லாம பத்து மணி நேரம் மனசோட தனியா உக்காரப்போற நேரத்துல நிறுத்தறது ரெட்டிப்பு ஆபத்து. ஃபார்ம்ல அந்தக் கேள்வி இருக்கறது உங்கள ஒதுக்கறதுக்கு இல்ல, ராத்திரி ஏதாவது ஆச்சுனா அங்க மனநல டாக்டர் இருக்க மாட்டார்ங்கறதுக்காக.

தியானம் எல்லாருக்கும் எப்பவும் நல்லதே பண்ணும்ங்கறது விளம்பர வசனம். அமெரிக்காவுல பிரவுன் பல்கலைக்கழகத்துல வில்லபி பிரிட்டன்னு ஒருத்தர் இதையே ஆராய்ச்சி பண்றாங்க, அவங்க குழு 2017ல வெளியிட்ட ஆய்வுல தியானம் பண்றவங்களப் பேட்டி எடுத்துப் பாத்தா பயம், தூக்கமே வராம போறது, தன் உடம்பு தன்னோடது இல்லங்கற மாதிரி தோணறதுனு பல அனுபவம் சொல்லியிருக்காங்க, பழைய நோய் எதுவும் இல்லாதவங்களும் அதுல உண்டு. உங்கள பயமுறுத்த சொல்லல. எந்த முகாம்ல இருந்தாலும் சரி, ரெண்டு ராத்திரி சேந்தாப்ல தூக்கம் இல்ல, ஏதோ குரல் கேக்குது, மனசு நிக்காம ஓடுதுனா அது "முன்னேற்றம்" இல்ல, மௌனத்த உடைச்சிட்டு ஆசிரியர்கிட்ட போய் சொல்லணும், தேவைனா கிளம்பிடணும்.

உங்க டாக்டர்கிட்ட எம்பிஎஸ்ஆர் பத்திக் கேளுங்க, தியானம் மூலமா மன அழுத்தத்த கொறைக்கற பயிற்சி அது. ஜான் கபாட்-ஜின் 1979ல மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனைல தொடங்கினது, எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு வகுப்பு, மிச்சம் வீட்டுல பயிற்சி, நடுவுல ஒரே ஒரு நாள் முழு மௌனம். ஒவ்வொரு நாளும் உங்க வீட்டுல உங்க படுக்கைலதான் தூங்குவீங்க, உங்க நிலைமைக்கு அதுவே பெரிய பலம். டாக்டர் சரின்னா பாருங்க.

யோகா ரிட்ரீட்ல ஆசிரியர் முதுகுல கை வெச்சு அழுத்தி "சரி" பண்ணினார். எனக்குப் பிடிக்கல, சொல்லவும் கூச்சமா இருந்துச்சு.
– வாசகி

கூச்சப்பட வேண்டியது நீங்க இல்ல. தொடறதுக்கு முன்னாடி கேக்கணும், ஒவ்வொரு தடவையும் கேக்கணும், நேத்து சரின்னு சொன்னது இன்னிக்கு செல்லாது. வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாலயே "என்ன தொட்டு சரி பண்ண வேண்டாம், வாயால சொன்னா போதும்"னு சொல்லிடுங்க, நல்ல ஆசிரியர் தலையாட்டிட்டு போயிடுவார். முகம் சுளிச்சாலோ, "சரணாகதி வேணும்"னு பாடம் எடுத்தாலோ பையத் தூக்கிட்டு வந்துடுங்க. ரொம்பப் பெரிய பேர் எடுத்த குருமார்கள் மேலயே இந்தப் புகார் வந்திருக்கு. அழுத்தறது உடம்புக்கும் நல்லதில்ல, குனிஞ்சு உக்காந்திருக்கறப்ப முதுகுல பாரம் வெச்சா முதுகெலும்பு டிஸ்குக்கும் தொடையோட பின் தசைக்கும்தான் அடி.

பிபி கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, க்ளாக்கோமாங்கற கண் அழுத்த நோய் இருக்கறவங்க தலகீழா நிக்கற ஆசனத்த தொடவே வேண்டாம், கண் அழுத்தம் ஏறும். கர்ப்பிணிகள் கபாலபாதி, அதாவது வயித்த உள்ள இழுத்து வேகமா மூச்ச வெளிய தள்ளற பயிற்சி, பண்ணக்கூடாது. கூட்டத்துல எல்லாரும் பண்றாங்களேனு யாரும் இறங்காதீங்க.

பொண்ணுக்கு நாலு வயசு. பத்து நாள் போன் இல்லாம எப்படி?
– வாசகி

முகாம் ஆபீஸ் நம்பர வீட்டுல குடுத்துட்டுப் போங்க, அவசரம்னா வந்து சொல்லுவாங்க. அத விட முக்கியம், எது அவசரம்னு வீட்டுல முன்னாடியே பேசி வெச்சுக்கறது. குழந்த ரெண்டு நாள் அழுததெல்லாம் அவசரத்துல வராது, காய்ச்சல் ஏறினா வரும். மனசு அதுக்கும் ஒத்துக்கலனா இப்ப வேண்டாம், முகாம் எங்கயும் ஓடிப்போகாது.

முடிச்சிட்டு வந்து ஒரு வாரம் வீட்டுல எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன். அமைதி கிடைக்கும்னுதானே போனேன்?
– வங்கி ஊழியர்

இது ரொம்ப சகஜம். அத்தன நாள் சத்தமே இல்லாம இருந்துட்டு டிவி, ஹார்ன், ஆபீஸ் குரூப்ல நூத்துக்கணக்கா மெசேஜ்னு ஒரேயடியா வந்து விழுந்தா யாருக்கும் எரிச்சல் வரும். விபாசனால பத்தாவது நாளே மௌனத்த உடைச்சு விடறது இந்த அதிர்ச்சிய கொறைக்கத்தான், அப்பவே பாத்திருப்பீங்க, தொண்ட கட்டற வரைக்கும் பேசுவாங்க. அடுத்த தடவை திரும்பி வந்ததுக்கு அப்புறம் ஒரு நாள் லீவ மிச்சம் வைங்க. வேலைய விடறது, கல்யாணத்த நிறுத்தறது மாதிரி முடிவெல்லாம் ஒரு மாசத்துக்கு எடுக்காதீங்க. காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காரச் சொல்லித்தான் அனுப்புவாங்க, முடிஞ்சா சந்தோஷம், முடியலனா இருபது நிமிஷம் உக்காருங்க, ஆனா அத விடாம உக்காருங்க. வீட்டுல இருக்கறவங்களுக்கு தியானத்தப் பத்தி வகுப்பு எடுக்கறத மட்டும் நிறுத்திடுங்க, பாதி சண்ட அதுலதான் வருது.

முகாம் போனா வெயிட் குறையுமா?
– சுருக்கமா கேட்ட வாசகர்

ராத்திரி சாப்பாடு இல்லாத முகாம்னா கொஞ்சம் குறையும், வீட்டுக்கு வந்ததும் திரும்ப ஏறிடும்.