நாங்களே ஊர் சுற்றலாமா?

கேள்வி: சொகுசுக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது, கப்பல்காரர்களின் டூரில் சேராமல் நாங்களே ஊர் சுற்றலாமா?

பதில்: தாராளமாக. செலவும் பெரும்பாலும் குறையும். ஆனால் அவர்கள் டூர் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும், நீங்கள் தாமதமானால் கிளம்பிவிடும், அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். அட்டவணையில் ‘ரோம்’ என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுக ஊரில். ரோம் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர், ரயிலில் போக வரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடலாம். கிரேக்கத் தீவான சாண்டோரினியில் படகில் கரைக்குப் போய், செங்குத்தான பாறை உச்சியில் இருக்கும் ஊருக்குப் பெரும்பாலும் கேபிள் காருக்கு வரிசையில் நின்றுதான் போக வேண்டும், இறங்கும்போதும் அதே வரிசைதான். அப்புறம், போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் நேரம் வேறாக இருக்கலாம். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.