வெண்கலத்துக்கு எதுக்கு இவ்ளோ கூத்து? (கடிதம்)

அண்ணா வணக்கம்,

2025 பாஸ்டன் உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் முடிஞ்ச ராத்திரி, அதுல வெண்கலம் வாங்கின பிரிட்டிஷ் ஜோடி லைலா ஃபியர், லூயிஸ் கிப்சன் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். நான் ஷெஃபீல்டுல எட்டு வருஷமா இருக்கேன், ஸ்கேட்டிங் டிவில வந்தா பார்ப்பேன், அவ்ளோதான். தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு வெண்கலத்துக்கு எதுக்கு இவ்ளோ கூத்து? அமெரிக்கப் பையன் இலியா மாலினின் காத்துல நாலரை சுத்து சுத்தி இறங்குறான், இவங்க குதிக்கவே மாட்டேங்கறாங்க. எங்க ஆபீஸ்ல பெரியவங்க கிட்ட ஸ்கேட்டிங்னு வாயைத் திறந்தாலே "டார்வில், டீன் மாதிரி வருமா"ங்கறாங்க, 1984ல ஜெயிச்ச ஜோடியாம். ஸ்கோரும் எனக்குப் புரிய மாட்டேங்குது. பேரு போட வேணாம்ணா.

*

வணக்கம்மா,

தப்பா எல்லாம் எடுத்துக்கல, என் வீட்டுக்காரியும் இதே கேள்வியத்தான் கேட்டா, அதுவும் ராத்திரி நான் போனைப் பாத்து கத்தினதுல தூக்கம் கலைஞ்ச கடுப்புல.

முதல்ல குதிக்கற விஷயம். அவங்க ஆடறது ஐஸ் டான்ஸ். அதுல மூணு சுத்து நாலு சுத்து ஜம்ப்புக்கு இடமே கிடையாது, முக்கியமா காலடி வேலைதான். ட்விசில்னு ஒண்ணு இருக்கு, ஒத்தைக் கால்ல வேகமா சுத்திக்கிட்டே முன்னாடி நகர்ந்து போறது, அதை ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒரே நேரத்துல பண்ணணும், ஒருத்தர் அரை நொடி பிந்தினாலும் பளிச்சுனு தெரிஞ்சுடும். டிவில பாக்கறப்ப ஈசியாத்தான் இருக்கும். நான் நாட்டிங்ஹாமுக்கு வந்த புதுசுல ஞாயித்துக்கிழமை ஐஸ் ரிங்க்ல வாடகை ஷூ மாட்டிக்கிட்டு, ஓரத்துப் பலகையப் புடிச்சபடியே ஒரு ரவுண்டு போயிட்டு இருந்தேன், ஒரு பத்து வயசுப் பொண்ணு என்னைத் தாண்டி பின்பக்கமா போயி ஒத்தைக் கால்ல மூணு சுத்து சுத்திட்டு நின்னா, நானும் சும்மா ஒரு காலைத் தூக்கிப் பாத்தேன். ரெண்டு வாரம் உக்கார முடியல. அதுக்கப்புறம் யார் ட்விசில் பண்ணாலும் எழுந்து நின்னுதான் பாக்கறேன்.

ஏன் பிரிட்டிஷ்காரங்களை மட்டும் ஃபாலோ பண்றீங்கன்னு கேக்காம கேட்டிருக்கீங்க. ஐஸ் டான்ஸ் இவங்க வீட்டுச் சரக்கும்மா. குவிக்ஸ்டெப், பாசோ டோப்லே மாதிரி ஐஸ் டான்ஸ்கள் எல்லாம் 1930கள்ல லண்டன் ரிங்க்லதான் உருவாச்சு. உலக சாம்பியன்ஷிப்ல ஐஸ் டான்ஸைச் சேத்தது 1952ல, அப்போ இருந்து 1960 வரைக்கும் ஒன்பது வருஷமும் தங்கம் பிரிட்டனுக்குத்தான். அப்படிப்பட்ட நாடு 1984ல டார்வில், டீன் ஜெயிச்சதோட சரி, அதுக்கப்புறம் உலக சாம்பியன்ஷிப்ல எந்தப் பிரிவுலயும் ஒரு மெடல் கூட இல்ல. யூரோப்பியன் சாம்பியன்ஷிப்ல அப்பப்ப ஏதோ வரும், ஸ்காட்லாந்து அக்கா தம்பி ரெண்டு பேர், கெர்னு பேரு, 2009லயும் 2011லயும் வெண்கலம் வாங்கினாங்க, 2014ல கூம்ஸ், பக்லண்ட் ஜோடி வாங்கினாங்க. பத்தாவது, ஏழாவதுன்னு வர்றதையே கொண்டாடிப் பழகின கூட்டம் நாங்க. அப்படி 41 வருஷம் போனதுக்கு அப்புறம் பாஸ்டன்ல மூணாவது இடம் வந்தா கத்த மாட்டேனா?

அதே பாஸ்டன்ல தங்கம் வாங்கின அமெரிக்க ஜோடி சாக், பேட்ஸும் இவங்களும் அப்போ பயிற்சி எடுத்தது மான்ட்ரியல்ல ஒரே அகாடமில. காலைல ஒரே ஐஸ்ல ஒண்ணா பழகிட்டு, மார்ச் மாசம் ஒருத்தர ஒருத்தர் தோக்கடிக்கணும். என்னால எல்லாம் பக்கத்து சீட்டுக்காரன் கூட அப்படி இருக்க முடியாது.

இப்போ உங்க ஆபீஸ் பெரியவங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், எங்க ஊர் ரிங்க் வாசல்ல இருக்கற சதுக்கத்துக்குப் பேரே பொலேரோ ஸ்கொயர். டார்வில் இந்த ஊர்ல இன்சூரன்ஸ் கிளார்க்கா இருந்தாங்க, டீன் போலீஸ்காரர். 1984 பிப்ரவரி 14, சரயேவோ ஒலிம்பிக்ஸ், அப்போ 6.0தான் முழு மார்க், இவங்களுக்கு மொத்தம் பன்னண்டு 6.0, அதுல கலை அம்சத்துக்கு ஒன்பது நடுவர்களும் 6.0. ஆனா எனக்கு அந்த மார்க்கை விட பிடிச்சது அவங்க ஆரம்பிச்ச விதம்தான். ராவல்னு ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளரோட பொலேரோவுக்குத்தான் ஆடினாங்க, அந்த இசையை எவ்ளோ வெட்டியும் 4 நிமிஷம் 28 நொடிக்குக் கீழ கொண்டு வர முடியல, ரூல்படி 4 நிமிஷம் 10 நொடிக்கு மேல போகக் கூடாது. ஆனா கடிகாரம் ஓட ஆரம்பிக்கறது பிளேடு ஐஸைத் தொட்டு ஸ்கேட் பண்ண ஆரம்பிச்சதும்தான். அதனால முதல் 18 நொடி ரெண்டு பேரும் முட்டி போட்டு உக்காந்துக்கிட்டே ஆடினாங்க! உலகமே உருகிப் பாத்த அந்த ஆரம்பம் ரூல்புக்கைப் படிச்சுக் கண்டுபிடிச்ச சந்து. இனி பாத்தீங்கன்னா அவங்க முட்டியைப் பாருங்க.

அந்த 6.0 இப்போ இல்ல. 2002 சால்ட் லேக் சிட்டில ஜோடிப் பிரிவுத் தீர்ப்புல நடந்த தில்லுமுல்லுக்கு அப்புறம் அந்த முறையவே தூக்கிட்டாங்க. இப்போ ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும், அதாவது ட்விசில் மாதிரி ஒவ்வொரு அம்சத்துக்கும், ஒரு அடிப்படை மதிப்பு இருக்கு, அது எந்த லெவல்னு டெக்னிக்கல் பேனல் முடிவு பண்ணும், எவ்ளோ நல்லா பண்ணாங்கன்னு ஒன்பது நடுவர்கள் மைனஸ் 5ல இருந்து பிளஸ் 5 வரைக்கும் போடுவாங்க, கூடினதையும் குறைஞ்சதையும் தள்ளிட்டு மீதிக்கு சராசரி. இது போக நளினம், ஸ்கேட்டிங் திறமைன்னு தனி மார்க். முதல்ல தலை சுத்தும், நாலு போட்டி பாத்தா பழகிடும். அதனால யாருக்கும் இனி 6.0 வராது, "மாதிரி வருமா"ன்னு கேட்டா மார்க் கணக்குல பதில் சொல்லவே வழி இல்ல.

ஆனா வேற ஒரு கணக்கு இருக்கு. லூயிஸ் கிப்சன் ஸ்கேட்டிங் பக்கம் வந்ததே டான்சிங் ஆன் ஐஸ்னு ஒரு டிவி ஷோவைப் பாத்துத்தான். அந்த ஷோல பிரபலங்களுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக் கொடுத்தவங்க யாரு? டார்வில், டீன் தான்! இதை உங்க ஆபீஸ்ல சொல்லிப் பாருங்க, அந்தப் பெரியவங்க முகம் எப்படி மாறுதுன்னு எனக்குக் கண்டிப்பா எழுதுங்க.

அப்புறம் இன்னொண்ணு, உங்க ஷெஃபீல்டு பக்கம் எப்பவாவது ஸ்கேட்டிங் போட்டி வந்தா விடாதீங்க. டிக்கெட் எடுத்துடுங்க, முடிஞ்ச வரைக்கும் கீழ் வரிசைல, பிளேடு ஐஸைக் கிழிக்கற சத்தம் டிவில சரியாக் கேக்காது. ரெண்டு ஸ்வெட்டர் போட்டுட்டுப் போங்க. நானும் வர்றேன், கத்தினா கண்டுக்காதீங்க.