எலிஃப் என்ற துருக்கியப் பெண் பெயருக்குப் பொருள் என்ன? எழுத்தா, எருதா?

'எலிஃப்' அரபு நெடுங்கணக்கின் முதல் எழுத்து என்கிறார்கள், எருது என்கிறார்கள், தோழி என்றும் ஆயிரம் என்றும் சொல்கிறார்கள், இதில் எது சரி என்பது கேள்வி.

பெயர் வைக்கும் துருக்கியக் குடும்பத்தின் மனத்தில் இருப்பது எழுத்துதான். நேராக நிற்கும் ஒற்றைக் கோடு, வரிசையில் முதலிடம், எண் மதிப்பு 1 (அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு). எருது அந்த எழுத்தின் பெயருக்குள் ஏறக்குறைய 3,800 ஆண்டுகளாக ஒளிந்திருக்கிறது. பெயரைச் சுமக்கும் பெண்களில் பலருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. தோழி, ஆயிரம் என்பவை குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் குழப்பியவை. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் ஒலி. அரபில் இந்த எழுத்தின் பெயர் 'அலிஃப்'. தமிழ் முஸ்லிம் குழந்தைகள் ஓதப் போகும்போது முதலில் சொல்லும் அதே அலிஃப். துருக்கிய மொழி அரபுச் சொற்களை எடுத்தபோது, மெல்லிய மெய்களை ஒட்டி வந்த குறில் அகரத்தைப் பெரும்பாலும் எகரமாக்கியது. கமால் கெமால் ஆனது, ஸலீம் செலிம் ஆனது, அமீர் எமிர் ஆனது. அந்த வரிசையில்தான் அலிஃப் எலிஃப் ஆனது. 'அலி' மட்டும் துருக்கியிலும் அலியாகவே நின்றதற்குக் காரணம், அரபில் அது தொண்டையின் அடியிலிருந்து வரும் 'ஐன்' என்ற மெய்யில் தொடங்குகிறது. அந்த மெய் அகரத்தை முன்னே நகர விடாது. அலி, அலிஃப் இரண்டும் தமிழ்க் காதுக்கு ஒரே மாதிரித் தொடங்கினாலும் அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. உச்சரிக்கும்போது இரண்டு உயிரும் குறில், அழுத்தம் கடைசி அசையில்: எ-லிஃப். தமிழில் எழுதும்போது ஆய்தத்தை விடாமல் 'எலிஃப்' என்றே எழுதுங்கள். 'எலிப்' என்று எழுதினால் ஒலியும் கெடுகிறது, படிப்பவர் மனம் வேறு பிராணியிடம் போய்விடுகிறது.

துருக்கியர் இந்த எழுத்தில் கேட்பது என்ன என்பதற்கு அவர்களுடைய பேச்சே சாட்சி. 'எலிஃப் போல' என்றால் வளையாமல் நிமிர்ந்து நிற்பது. நெடுங்கணக்குக்கே 'எலிஃப்பா' என்று பெயர், அதாவது முதல் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துச் சொல்வது. எழுத்தறிவே இல்லாதவரைப் பற்றி, 'எலிஃபைக் கண்டால் கைமரம் என்று நினைப்பார்' என்று ஒரு பழமொழி உண்டு. கூரைக்குப் போடும் நெடுமரத்தை மட்டுமே அறிந்த கண்ணுக்கு எழுத்தும் மரமாகத்தான் தெரியும்.

உதுமானியக் காலத்து அரசவைக் கவிதையில் உடலையே எழுத்துகளாகப் படிப்பது ஒரு மரபு. காதலியின் நெடிய உடல் எலிஃப், புருவம் நூன், சிறிய வாய் மீம், கூந்தல் லாம். அவளை நினைத்து நினைத்து முதுகு வளைந்துபோன காதலன் தால். இப்படிப் பல நூற்றாண்டுகள் படித்துப் பழகிய சமூகத்தில், பெண் குழந்தைக்கு எலிஃப் என்று பெயர் வைப்பது 'கொடி போன்றவள்' என்று வைப்பதற்குச் சமம். பெயர் அகராதிகள் ஒல்லியான, நெடிய பெண் என்று பொருள் சொல்வது இந்த மரபிலிருந்து வந்ததே. அகராதியில் எழுத்து என்பது பொருள், ஒல்லி என்பது உவமையால் ஏறியது.

சூஃபி மரபு இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. அல்லாஹ் என்ற பெயரின் முதல் எழுத்து, மதிப்பு 1, ஒற்றைக் கோடு. ஆகவே இறைவனின் ஒருமைக்கு அடையாளம். 'எலிஃப் எந்த எழுத்தோடும் சேராது, அதனால்தான் ஒருமை' என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி சரி. எலிஃப் தனக்கு அடுத்து இடப்பக்கம் வரும் எழுத்தோடு ஒருபோதும் சேராது. ஆனால் தனக்கு முன் வலப்பக்கம் நிற்கும் எழுத்து சேரும் வகையாக இருந்தால் அதோடு சேரும்.

எழுத்துக்கலையிலும் அலிஃப்தான் அளவுகோல். பக்தாதில் அமைச்சராக இருந்து கி.பி. 940-இல் இறந்த இப்னு முக்லா, எல்லா எழுத்துகளின் விகிதத்தையும் அலிஃபை வைத்து வகுத்தார் என்பது மரபு. நாணல் பேனாவின் நுனியை ஒருமுறை அழுத்தி எடுத்தால் சாய்சதுரப் புள்ளி ஒன்று விழும். அதுவே அலகு. சுலுஸ் பாணியில் அலிஃபின் உயரம் 7 புள்ளி, நஸ்க் பாணியில் 5, நஸ்தஅலீக்கில் 3 என்பது பரவலான கணக்கு. ஆசிரியருக்கு ஆசிரியர் சற்றுக் கூடும், குறையும். அலிஃபின் உயரத்தை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் போட்டு, மற்ற எழுத்துகளின் வளைவுகளை அதற்குள் சரிபார்ப்பார்கள். எளிய கோடு போலத் தெரியும் இந்த எழுத்து சரியாக வராவிட்டால் மற்றவையும் சரியாக வராது.

இனி எருதுக்கு வருவோம்.

சீனாய் தீபகற்பத்தில் செராபித் எல்-காதிம் என்ற இடத்தில் எகிப்தியர் நீலப் பச்சைக் கல் வெட்டிய சுரங்கங்கள் இருக்கின்றன. 1905-இல் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி அங்கே எகிப்திய எழுத்தைப் போன்றும் அதற்கு அடங்காமலும் இருந்த சில கல்வெட்டுகளைக் கண்டார். 1916-இல் எகிப்தியவியல் அறிஞர் ஆலன் கார்டினர், திரும்பத் திரும்ப வந்த நான்கு குறிகளை 'பஅலத்' என்று படித்தார். தலைவி என்று பொருள், அங்கே வழிபடப்பட்ட ஹாத்தோர் தெய்வத்துக்குச் செமித்திய மொழியில் (அரபு, எபிரேயம் சேர்ந்த குடும்பம்) வழங்கிய பட்டம். எகிப்தின் வாடி எல்-ஹோல் பள்ளத்தாக்கில் 1990-களில் கிடைத்த பாறைக் கீறல்கள் இந்த எழுத்தின் காலத்தை கி.மு. 1900–1800 அளவுக்குக் கொண்டுபோகின்றன. சீனாய்க் கல்வெட்டுகளின் காலம் பற்றி மட்டும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

அந்த எழுத்து வேலை செய்த விதம் எளிது. ஒரு பொருளின் படத்தைப் போடு, அதன் பெயரின் முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொள். எருதுக்கு அந்தச் செமித்திய மொழியில் 'அல்ப்'. எருதுத் தலையைக் கீறினால் அல்ப்பின் முதல் ஒலி கிடைக்கும். பழைய மெசொப்பொத்தாமியாவின் அக்காடிய மொழியில் எருது 'அல்பு'. இன்றைய லெபனான் கடற்கரையில் வழங்கிய ஃபினீசியத்திலும் சிரியக் கடற்கரையின் உகாரித்திலும் இதே வேர். விவிலிய எபிரேயத்திலும் மாடுகளைக் குறிக்க இச்சொல் வருகிறது.

பலர் தடுமாறும் இடம் இது: அந்த முதல் ஒலி அகரம் இல்லை. அகரத்தைச் சொல்லும் முன் தொண்டையில் மூச்சை ஒரு கணம் பிடித்து விடும் அடைப்பொலி, அதாவது ஒரு மெய். ஃபினீசியர் நெடுங்கணக்கின் 22 எழுத்துகளும் மெய்களே. கிரேக்கர் அதை ஏறக்குறைய கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டபோது, தங்கள் மொழிக்குத் தேவைப்படாத அந்த அடைப்பொலியை விட்டுவிட்டு, அடுத்து வந்த அகரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பெயர் 'ஆல்ஃபா' ஆயிற்று. கிரேக்கத்தில் அதற்கு எருது என்றோ வேறு எதுவென்றோ பொருள் கிடையாது.

உருவத்தின் பயணம் தனி. தொடக்கத்தில் கொம்பு மேலே, முகம் கீழே. ஃபினீசியர் அதைச் சாய்த்தார்கள்: மூக்கு இடப்பக்கம், கொம்புகள் வலப்பக்கம் விரிய, குறுக்கே ஒரு நெட்டைக் கோடு. கிரேக்கர் இன்னும் திருப்ப, மூக்கு உச்சிக்குப் போய்விட்டது. ஆங்கிலப் பெரிய 'ஏ'-யைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், இரண்டு கால்களும் கொம்புகளாகும். கிழக்கே போன கிளையில் அரமேய எழுத்தும் அதிலிருந்து நபத்தேய எழுத்தும் தோன்றின. எழுதுபவர் கை வேகத்தில் கொம்பும் முகமும் கரைந்து, நபத்தேயத்தில் ஒரு சுழியாகி, அரபில் ஒற்றைக் கோடாக நின்றது. மிகப் பழைய அரபுக் கல்வெட்டுகளில் அலிஃபின் அடி வலப்பக்கமாகச் சற்று வளைந்திருக்கும். பழைய உருவத்தில் எஞ்சியது அவ்வளவே. ஆக, ஐரோப்பியர் எருதின் தலையைக் காப்பாற்றிப் பெயரைத் திரித்தார்கள். அரபியர் பெயரைக் காப்பாற்றித் தலையை இழந்தார்கள். எருதுக்கு அரபில் 'ஸவ்ர்' என்ற வேறு சொல் வழங்குவதால், அலிஃப் என்ற பெயரும் அவர்களுக்கு வெறும் எழுத்தின் பெயராகிவிட்டது.

(தமிழ் 'அ'வுக்கும் இதில் பங்கு உண்டா என்று கேட்பவர்களுக்கு: பிராமி அகரம் ஃபினீசிய வடிவை ஒத்திருப்பதைக் காட்டி, பிராமி செமித்திய எழுத்திலிருந்து வந்தது என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜார்ஜ் பூலர் வாதிட்டார். பிராமி இங்கேயே பிறந்தது என்போரும் இருக்கிறார்கள். வழக்கு முடியவில்லை, ஒத்த உருவம் ஒன்றை மட்டும் வைத்து முடிக்கவும் முடியாது.)

அரபில் எலிஃப் என்ற பெயரை எழுத மூன்று எழுத்துகள் போதும்: எலிஃப், லாம், ஃபே. எலிஃப் எருதிலிருந்து வந்தது. லாம் தார்க்கோலிலிருந்து, அதாவது மாட்டை ஓட்டும் கோலிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. எருது என்ற சொல்லை எழுதும்போதே எருதுக்குப் பின்னால் தார்க்கோல் வந்து நிற்கிறது! ஃபே வாயைக் குறித்த எழுத்தின் வழி வந்தது. 1928 நவம்பர் 1-இல் துருக்கி 1353-ஆம் எண் சட்டத்தால் 29 எழுத்துகள் கொண்ட லத்தீன் நெடுங்கணக்குக்கு மாறியபின் கதை மாறிவிட்டது. இன்று எலிஃப் என்ற பெண் தன் பெயரை 'ஈ' என்று நாம் சொல்லும் லத்தீன் எழுத்தில் தொடங்குகிறாள். அது ஃபினீசிய 'ஹே'யின் வழித்தோன்றல். அடுத்தது அதே தார்க்கோல், மூன்றாவது கையைக் குறித்த 'யோத்', கடைசி எழுத்து 'வாவ்' என்ற கொக்கியிலிருந்து வந்தது. எருதின் பெயரைச் சுமக்கும் பெயரில் எருதுத் தலை இப்போது எங்கும் இல்லை.

தோழி, ஆயிரம் என்ற விளக்கங்கள் வந்த வழி இது. உயிர்க்குறி இல்லாமல் அரபில் எழுதினால் எழுத்தின் பெயரும் ஆயிரம் என்ற 'அல்ஃப்' என்ற சொல்லும் ஒரே மூன்று எழுத்துகள். பழகுதல், இணங்குதல் என்ற பொருள்தரும் வினைவேரும் அதே மூன்று மெய்கள்தான், துருக்கியில் நட்பைக் குறிக்கும் 'உல்ஃபெத்' அதிலிருந்து வந்தது. எழுத்துக்கூட்டல் ஒன்றானதால் பொருளும் ஒன்றென்று பட்டியல்காரர்கள் சேர்த்துவிட்டார்கள். எழுத்தின் பெயரோ அரபுக்குள் உருவானதல்ல, அரமேய வழியில் எழுத்தோடு சேர்ந்தே வந்தது. எண் கணக்கிலும் இரண்டைக் குழப்புகிறார்கள். எழுத்தாக எலிஃபின் மதிப்பு 1. பெயராகக் கூட்டினால் 1 + 30 + 80 = 111. பிஸ்மில்லாவுக்கு 786 என்று கூட்டும் அதே முறை.

எழுத்துகளைப் பெயராக்குவது எலிஃபோடு நிற்கவில்லை. குர்ஆனின் 20-ஆம், 36-ஆம் அத்தியாயங்கள் தொடங்கும் தனி எழுத்துகளிலிருந்து வந்த தாஹா, யாசீன் இரண்டும் துருக்கியில் ஆண் பெயர்கள், தமிழ் முஸ்லிம்களிடமும் வழங்குபவை. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அலிஃப் ஆண் பெயர். ஆகவே எலிஃபை எங்கும் பெண் பெயர் என்று எழுதிவிடாதீர்கள். பெண் பெயரானது துருக்கிய மரபில். அங்கே தனியாகவும் வரும், எலிஃப் நூர், எலிஃப் நாஸ் என்று இணைந்தும் வரும்.

பதக்கத்திலோ, பச்சை குத்தி உடலிலோ இந்தப் பெயரைப் பொறிக்க நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எழுத்தா பெயரா என்பது. எழுத்து என்றால் ஒற்றைக் கோடு. சுலுஸ் பாணியில் கேட்டால் உச்சியில் பொதுவாக 'சுல்ஃபே' என்ற சிறு முடி இருக்கும். பெயர் என்றால் மேற்சொன்ன மூன்று எழுத்துகள். எலிஃப் தனித்து நிற்கும், லாமும் ஃபேயும் ஒட்டியிருக்கும். வலமிருந்து இடமாக எழுதத் தெரியாத மென்பொருளில் அச்சடித்தால் மூன்றும் பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். இகர ஒலி கேட்கிறதே என்று நடுவில் 'யே' சேர்ப்பது இன்னொரு தவறு. அப்படி எழுதினால் அரபில் 'அலீஃப்', அதாவது பழகிய, வளர்ப்பு என்ற சொல். வளர்ப்புப் பிராணிக்குச் சொல்லும் அடைமொழி அது.

கணினியில் இந்தப் பெயரைச் சேமிப்பவர்கள் புள்ளியைக் கவனியுங்கள். துருக்கியில் புள்ளி வைத்த லத்தீன் 'ஐ'யும் புள்ளியில்லாத 'ஐ'யும் வெவ்வேறு உயிர்கள். எலிஃபில் இருப்பது புள்ளி வைத்தது, பெரிய எழுத்தாக மாற்றினாலும் புள்ளி போகக்கூடாது. அந்தப் புள்ளி வைத்த பெரிய எழுத்துக்கு யூனிகோடில் 0130 என்ற இடம். துருக்கிய மொழி அமைப்பு இல்லாத நிரலில் அதைச் சிறிய எழுத்தாக்கினால், சாதாரண 'ஐ'யும் 0307 என்ற தனிப் புள்ளிக்குறியும் என இரண்டாக உடையும். திரையில் வித்தியாசம் தெரியாமலும் போகலாம், ஆனால் நான்கு குறி ஐந்தாகிவிடும், தேடினால் பெயர் கிடைக்காது. மொழி அமைப்பைத் துருக்கியென்று வெளிப்படையாகக் கொடுத்து மாற்றுங்கள், அல்லது ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரே முறையில் சீராக்குங்கள்.