ஸ்னாப்பர் பிடிக்க உறைந்த இரை போதுமா, அன்றன்றைய புது இரைதான் வேண்டுமா?

மெல்பேர்னில் போர்ட் பிலிப் விரிகுடாவில் இந்தப் பருவத்தில் ஸ்னாப்பர் பிடிக்கப் போவதாகவும், சில நாள் கரையிலிருந்தும் சில நாள் நண்பரின் படகிலிருந்தும் முயல எண்ணியிருப்பதாகவும், பெற்றோல் நிலையத்தில் விற்கும் உறைந்த சாளைப் பொதியே போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். படகுக்கு அது போதும், பொதி நல்லதாக இருந்தால். கரைக்குப் போதாது. கரையில் நிற்பவருக்கு அன்று பிடித்த கணவாயை மிஞ்சிய இரை இல்லை என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர் என்றும் இந்தக் கடல் உங்களுக்கு இன்னும் பழகவில்லை என்றும் எண்ணிக்கொண்டு சற்று விரிவாக எழுதுகிறேன்.

"இரை எல்லாம் ஒன்றுதானே, மீன் வருவது அதிர்ஷ்டம்" என்று எங்கள் ஆட்களே சொல்லக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை. இலங்கையின் வடமராட்சிக் கரையில் தூண்டில் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். நாளை எங்கே போவது என்று முடிவெடுப்பதற்கு முன்பே நாளைக்கு எந்த இரை கிடைக்கும் என்று என் தகப்பனார் விசாரித்து வைப்பார். அந்தப் பழக்கம் இந்தக் குளிர்ந்த கடலிலும் அப்படியே பயன்படுகிறது.

ஸ்னாப்பர் எதையும் தின்னும் மீன் என்பது உண்மைதான். முன்வாயில் கூரிய பற்களும் பின்தாடையில் அரைக்கும் பற்களும் இருப்பதால் நண்டு, மட்டி, கணவாய், சிறுமீன் எல்லாவற்றையும் அது நொறுக்கித் தின்றுவிடும். ஆனால் கலங்கிய நீரிலும் இருட்டிலும் அது இரையைத் தேடி வருவது பெரும்பாலும் மணத்தைப் பிடித்துத்தான். புதிய இரைச்சதையிலிருந்து நீரில் கரைந்து வரும் அமினோ அமிலங்களே அந்த மணம். மீனை உறைய வைக்கும்போது சதைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டித் துகள்களாகி உயிரணுக்களைக் கிழித்துவிடுவதால், உருகும்போது அந்தச் சாற்றில் ஒரு பகுதி பொதிக்குள்ளேயே வடிந்து போய்விடுகிறது. ஒரு முறை விரைவாக உறைய வைத்த மீனில் இந்தச் சேதம் குறைவு. உருகிய மீனை வீட்டுப் பிரீசரில் மெதுவாக மறுபடி உறைய வைத்தால் சதை களியாகி, தூண்டிலில் குத்தும்போதே பிரியும். ஆகவே கடையில் விசாரிக்க வேண்டியது அந்தப் பொதி இடையில் எத்தனை முறை உருகியது என்பதையே.

அதைப் பொதியைப் பார்த்தே பெருமளவு அறியலாம். நல்ல சாளையின் முதுகு நீலப் பச்சையாகவும் வயிறு வெள்ளியாகவும் இருக்கும், மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகத் தெரியும். பொதியின் ஒரு மூலையில் சிவப்புநிறப் பனிக்கட்டி தேங்கி நின்றால் அது ஒரு முறையாவது உருகி, வடிந்து, மறுபடி உறைந்தது என்று பொருள். வயிற்றோரம் மஞ்சள் கலந்த பழுப்பு ஏறியிருந்தால் எண்ணெய் காறிவிட்டது. மீனில் முதலில் கெடுவது குடலும் வயிறும்தான் என்பதால், உருகிய பிறகு வயிறு வெடித்துக் கிடப்பவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஒரு முறை ஒரு கடைக்காரரிடம் இந்தச் சிவப்புப் பனிக்கட்டியைக் காட்டிக் கேட்டேன், அது மீனின் இயல்பான நிறம் என்று அவர் என்னிடமே சாதித்தார். எங்களைப் போன்ற முகங்களைக் கண்டால் ஒன்றும் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டிவிடுவது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். கரையிலிருந்து மீன்பிடிக்க நாங்கள் நிற்கும் ஜெட்டியிலும் (படகுத்துறையிலும்) இதுவே நடக்கிறது. மீனின் சட்ட அளவு தெரியுமா, அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று முன்பின் தெரியாதவர்கள் எங்களிடம் மட்டும் வந்து கேட்கிறார்கள். இரண்டும் எங்களுக்குத் தெரியும்.

இப்போது கணவாய். விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள மோர்னிங்டன் போன்ற ஜெட்டிகளில் அந்தி நேரத்தில் இறால் வடிவிலான கணவாய்த் தூண்டிலைப் புல் படர்ந்த இடங்களின் மேலாக மெதுவாக இழுத்தால் கணவாய் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்போது பிடித்த கணவாயின் தோலை உற்றுப் பாருங்கள். செம்பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், விரலால் தொட்ட இடத்தில் நிறம் ஓடி மறையும், சதை கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். நேரம் போகப் போகச் சதை பால்வெள்ளையாகும், பிறகு அந்தப் புள்ளிகளின் சாயம் கசிந்து இளஞ்சிவப்பாகும். சந்தையில் வாங்குவதானாலும் இளஞ்சிவப்பு ஏறிய கணவாயை இரைக்கென்றே மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். டண்டினோங் சந்தையில் காலையில் போனால் தெளிந்த சதையோடு கிடைப்பதுண்டு.

ஒரு நவம்பர் மாதம், தென்மேற்குக் காற்று விடாமல் அடித்துக் கடலைக் கலக்கியிருந்த மாலையில், மைத்துனரோடு மோர்னிங்டனுக்குப் போயிருந்தேன். அப்படிக் காற்றடித்துக் கிழக்குக் கரை கலங்கும்போதுதான் பெரிய ஸ்னாப்பர் கரையோரம் வரும் என்பது இங்குள்ள பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மைத்துனர் உறைந்த சாளையோடு வந்திருந்தார். "அத்தான், நீங்கள் கணவாய்க்கு மினக்கெட்டு முடிவதற்குள் நான் மீனோடு நிற்பேன்" என்றார். அவருடைய முதல் வீச்சிலேயே ஈயக்குண்டு ஒரு பக்கமும் சாளையின் பாதி இன்னொரு பக்கமும் போய் விழுந்ததை விளக்கு வெளிச்சத்தில் இருவரும் பார்த்தோம். எஞ்சியதைத் தூக்கியபோது தலையும் முள்ளும் மட்டும் இருந்தன. நான் அந்தியில் பிடித்த கணவாயின் தலையை, கால்கள் தொங்க, கண்ணுக்குக் கீழே இருக்கும் கெட்டியான பகுதியில் தூண்டிலைக் குத்தி வீசினேன். இரவு ஏறிய பிறகு தங்கூசி (தூண்டில் நூல்) ஒரு முறை தளர்ந்து பிறகு கம்பு வளைந்தது. வந்த மீன் நான்கு கிலோவுக்குக் குறையாது. அதன் தாடை மூலையில் அந்தக் கணவாய்த் தலை பாதி சிதையாமல் இருந்தது. அதன் பிறகு அவருக்கும் கணவாய்த் துண்டுகளைத்தான் வெட்டிக் கொடுத்தேன்.

ஓர் இரவை வைத்துச் சட்டம் எழுதுகிறார் என்று சிலர் சொல்லக்கூடும். மீன் கிடைத்ததை நான் ஆதாரமாகக் காட்டவில்லை. இரை தூண்டிலில் இருந்தது, சாளை இருக்கவில்லை என்பதே நான் சொல்வது. இதை யாரும் வீசி, உடனே இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கரையில் வீச்சின் வேகம் இரையைக் கிழிக்கிறது, விழுந்தபின் நண்டும் சிறுமீனும் அதைக் கொத்துகின்றன. இரண்டையும் தாங்கும் இரைதான் கரைக்கு ஏற்றது. சாளைதான் கைவசம் இருக்கிறது என்றால் முதல் நாள் இரவே கல்லுப்பைத் தூவி அடுக்கிவையுங்கள். உப்பு நீரை இழுத்துச் சதையை இறுக்கும். வாலை வெட்டிவிட்டு, இழுபடும் ரப்பர் நூலால் சுற்றிக் கட்டினால் ஓரளவு நிற்கும்.

படகில் கதை வேறு. அங்கே நங்கூரம் போட்டு, நறுக்கிய சாளையைத் தீனியாகச் சிறிது சிறிதாகத் தூவி, இரையை வீசாமல் மெல்ல இறக்கிவிடுவதால் மென்மையான முழுச் சாளை உடையாமல் அடிக்குப் போகும். எண்ணெய் நிறைந்த அந்த மீனின் மணம் நீரோட்டத்தில் தூரம் செல்லும். இரண்டு தூண்டில்களை அடுத்தடுத்துக் கட்டி, மேலுள்ளதை வால் பக்கமும் கீழுள்ளதைத் தலைப்பக்கமும் குத்தினால் இரை சுழலாது. கிழங்கான், முரல் போன்றவையும் முழுதாகக் குத்த மிகச் சிறந்தவை, இரண்டும் நமக்கு ஊரிலிருந்தே தெரிந்த இனத்தைச் சேர்ந்தவை. எதைக் குத்தினாலும் 20 நிமிடத்துக்கொரு முறை இழுத்துப் பார்த்து, வெளிறி மணமிழந்ததை மாற்றுங்கள்.

இரண்டு விஷயங்களில் சட்டமும் பொறுப்பும் கலந்திருக்கிறது. போர்ட் பிலிப் விரிகுடாவின் கரையோரத்தில் 2 மீற்றர் ஆழம் வரைக்கும் மட்டி, சிப்பி சேகரிப்பது தடை. புது இரை வேண்டும் என்று பாறைகளில் சுரண்டாதீர்கள். மற்றது, சுப்பர்மார்க்கெட்டில் சமையலுக்கென்று விற்கும் இறக்குமதிப் பச்சை இறாலை இரையாகப் போடாதீர்கள். 2016ஆம் ஆண்டு குவீன்ஸ்லாந்தின் லோகன் ஆற்றோர இறால் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் கண்டுபிடிக்கப்பட்டு, பண்ணைகளின் இறால்கள் முழுவதையும் அழிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கிருமி மனிதருக்குத் தீங்கு செய்யாது, உறைய வைத்தாலும் சாகாது. அது அங்கே எந்த வழியால் வந்தது என்று நிறுவப்படவில்லை என்பதை அறிவேன். ஆனாலும் சில டொலர் மிச்சத்துக்காக அந்த ஆபத்தைக் கடலில் எறிவதை என்னால் ஏற்க முடியாது. இதை எங்கள் நண்பர் வட்டத்தில் சொல்லி நான் பகையும் தேடியிருக்கிறேன்.

செயற்கை ரப்பர் இரையால் என்னைவிட அதிகம் பிடிப்பவர்கள் உண்டு. அவர்கள் திறமையை நான் மறுக்கவில்லை, நீங்கள் கேட்டது இயற்கை இரையைப் பற்றி என்பதால் அதைத் தொடவில்லை. பிடித்ததில் 28 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவற்றை விட்டுவிட வேண்டும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 10, அவற்றில் 40 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் உள்ளவை 3 மட்டுமே. படகில் எந்தப் பகுதிக்குப் போகிறீர்கள், கரம் (Carrum) பக்கமா மோர்டியாலொக் பக்கமா என்று எழுதினால், அந்த ஆழத்துக்கு எவ்வளவு ஈயம் கட்டலாம் என்பதையும் சொல்கிறேன்.