முழங்கால் வலி உள்ள அம்மாவோடும் ஆறு வயதுப் பையனோடும் நடக்கிற மாதிரி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பாலைவனப் பள்ளத்தாக்குப் பாதை சொல்ல முடியுமா?

கேப்பிட்டல் ரீஃப் தேசியப் பூங்காவில் உள்ள கேப்பிட்டல் கார்ஜுக்குப் போங்கள். போன அக்டோபரில் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது, அவருக்கும் முழங்கால் வலிதான்.

போக ஒரு மைல், வர ஒரு மைல். கடைசித் துண்டைத் தவிர ஏற்றமே இல்லை, ஏனென்றால் நீங்கள் நடப்பது வறண்டு கிடக்கிற ஓடையில். அதுவே ஒரு காலத்தில் ஊர்ச்சாலையாகவும் இருந்தது. 1884-ல் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் பாறைகளைப் புரட்டித் தள்ளி வண்டி போக வழி செய்தார்கள். ஃப்ரீமாண்ட் ஆற்றோரமாக 24-ஆம் எண் நெடுஞ்சாலை 1962-ல் திறக்கும்வரை காரும் இதற்குள்தான் ஓடியது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கல்லை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது.

தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே முற்காலத்தில் இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான ஃப்ரீமாண்ட் மக்கள் பாறையில் கொத்திய உருவங்கள் இருக்கின்றன. அரை மைலில் அந்த வழியாகப் போனவர்கள் தங்கள் பெயரைப் பொறித்த சுவர். பழையவை 1871-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சில பெயர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. அம்மா அண்ணாந்து நின்று ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தார். அவசரப்படுத்தாதீர்கள், உங்கள் பையனுக்கும் அந்த இடம் பிடிக்கும். பாறையைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அங்கே பெயர் கீறுவது குற்றம்.

முடிவில் பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கிய சுனைகள் உண்டு. அதற்கு ஏறும் வழி சிறியதுதான், ஆனால் செங்குத்து. அம்மா கீழே நிழலில் உட்கார்ந்துகொண்டார், நான் மட்டும் ஏறினேன். உங்கள் அம்மாவையும் ஏற்ற வேண்டாம். சுனையில் கை நனைக்காதீர்கள். நாம் பூசியிருக்கும் சன்ஸ்கிரீன் அதில் வாழும் சின்ன உயிர்களைக் கெடுத்துவிடும்.

இத்தனை சுலபமான பாதையில் பயப்பட ஒன்றே ஒன்று உண்டு. காட்டாற்று வெள்ளம். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், எங்கோ பெய்த மழை இந்தச் சுவர்களுக்கு நடுவே வந்து இறங்கும். ஓடி ஏற இடம் கிடையாது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மதிய நேரத்து இடிமழை சகஜம், அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள். பூங்கா அலுவலகத்தில் வானிலை கேட்காமல் உள்ளே போகாதீர்கள். அம்மாவோடு போனதற்கு முந்தைய வருஷம் மேகம் கறுத்திருந்ததால் வண்டி நிறுத்தும் இடம் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். அன்றைக்கு மழையே பெய்யவில்லை. ஆனாலும் இன்னொரு முறை அப்படி இருந்தால் மறுபடியும் திரும்பத்தான் செய்வேன்.

வழியில் குடிதண்ணீர் கிடையாது, ஆளுக்கு ஒரு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் கால் புதையும் இடங்களில் அம்மாவுக்கு ஊன்றுகோல் நன்றாக உதவியது.

திரும்பும்போது பூங்காவுக்குள் இருக்கிற ஃப்ரூட்டா என்ற பழைய குடியிருப்பில், குடியேறிகள் நட்டுவைத்த பழத்தோட்டங்களில் இறங்குங்கள். பருவத்தில் அங்கேயே பறித்துத் தின்னக் காசு இல்லை, எடுத்துப் போவதற்குத்தான் எடை போட்டுக் காசு கட்ட வேண்டும். அம்மா ஓர் ஆப்பிளைத் துப்பட்டாவில் துடைத்து என்னிடம் நீட்டினார். ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, அந்தச் சுவரில் பெண்கள் பெயர் ஏதாவது இருந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.