உங்கள் பிறந்தநாளில் வேறு யாரெல்லாம் பிறந்தார்கள், என்னவெல்லாம் நடந்தது? அதில் உங்களுக்குப் பெருமை உண்டா?

பள்ளிச் சான்றிதழின்படி நான் பிறந்தது 1968 ஜூன் 3. கலைஞர் கருணாநிதி (1924), ஜார்ஜ் பெர்னாண்டஸ் (1930), இளையராஜா (1943) எல்லாரும் பிறந்த தேதி. இந்தியாவைப் பிரிக்கும் திட்டத்தை மவுண்ட்பேட்டன் அறிவித்ததும் 1947-இல் இதே நாளில்தான். அன்று நேரு, ஜின்னா, பல்தேவ் சிங் மூவரும் வானொலியில் பேசினார்கள். பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெருமை உண்டா என்கிறீர்களே, அங்கேதான் வயிற்றெரிச்சல். நீங்கள் மருத்துவமனையில் பிறந்து, பிறப்புச் சான்றிதழோடு வளர்ந்த தலைமுறையாக இருக்க வேண்டும். நான் வீட்டில் பிறந்தவன். தீபம் முடிந்து நான்காம் நாள், அடைமழை, மருத்துவச்சி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள் என்பார் அம்மா. கார்த்திகை மாதம்!

1973 ஜூன் 4, திங்கட்கிழமை, அப்பா என்னைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப்போனார். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. அப்பா பின்னாலிருந்து என் தலையை லேசாகச் சாய்த்தார், பட்டுவிட்டது. "நேற்றோடு ஐந்து முடிந்தது" என்று எழுதிக்கொண்டார் சார். அந்த 'நேற்று' பாரிஸ் விமானக் கண்காட்சியில் சோவியத்தின் டியூ-144 விமானம் நொறுங்கி 14 பேர் இறந்த ஞாயிற்றுக்கிழமை என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

அன்றிலிருந்து ஜூன் 3 என்றால் தெருமுனையில் ஒலிபெருக்கியும் கொடியும், அலுவலகத்தில் "வாங்க தலைவரே" என்ற கிண்டலும்தான். நான் எந்தக் கட்சியும் இல்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இளையராஜா கலைஞருக்கு மரியாதையாகத் தன் பிறந்தநாளை ஒரு நாள் முன்தள்ளி 2-ஆம் தேதி கொண்டாடுகிறார். அவருக்கு விட்டுக்கொடுக்க ஒரு நாள் சொந்தமாக இருந்தது.

எனக்குப் போனது ஆறு மாதச் சம்பளம். டிசம்பர் வரை பார்க்க வேண்டிய வேலையிலிருந்து 2028 ஜூன் 30 அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வயதைக் குறைத்துக்கொண்டு நாற்காலியில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள், உள்ளதைத்தான் கேட்டேன். ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போனபோது பிரிவு எழுத்தர் அதைத் தொடக்கூட இல்லை. "வேலையில் சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் வந்திருக்க வேண்டும் சார்" என்றார். அதே மேசையில் என் பயணப்படி பில் எட்டு மாதமாகக் கிடக்கிறது. அதற்கு மட்டும் எந்தக் கெடுவும் கிடையாது.

அது கிடக்கட்டும். உங்கள் தேதியை நீங்கள் எழுதவே இல்லையே. எழுதினால், சான்றிதழில் இருப்பதா அம்மா சொன்னதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.